எனக்கு உதவாத ஒரு வால்வு

ஒரு பிக்கப் வண்டியில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. அவை யாருக்காக வேலை செய்கின்றன என்று கேட்டால், கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பதில் சுலபம். பிஸ்டன் எனக்காக. கிளட்ச் எனக்காக. பிரேக் எனக்காகவும் எதிரே வருபவருக்காகவும். அது பிடிக்காமல் போனால் நானும் சேர்ந்துதான் அடிபடுவேன் என்பதால், அதைப் பார்த்துக்கொள்ள யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு வால்வு இருக்கிறது. பட்டறையில் ஈ.ஜி.ஆர். என்பார்கள். அதனால் வண்டிக்காரனுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. இழுவை கொஞ்சம் குறையும், உள்ளே கரி சேரும், கழற்றிக் கழுவி மாட்ட அரை நாள் போகும். அந்த அரை நாளில் இரண்டு லோடு ஓட்டியிருக்கலாம். அந்த வால்வு இருப்பது முழுக்க முழுக்க, வண்டிக்கு வெளியே மூச்சு விடுகிற யாரோ ஒருவருக்காக.

அந்த யாரோ ஒருவருக்காக நான் ஏன் அரை நாளைச் செலவழிக்க வேண்டும்?

கேட்பதற்கு ரொம்பச் சின்னக் கேள்விதான். ஆனால் எதிரில் நிற்கிறவர் யாரென்று தெரியாதபோது, யாரும் பார்க்காதபோது, பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதபோது நான் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன் என்கிற பழைய, பெரிய கேள்வி இதற்குள் அப்படியே இருக்கிறது. புத்தகத்தில் படிக்கும்போது அது நம்மை ஒன்றும் செய்யாது. கையில் ஸ்பேனரோடு நிற்கும்போது பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வண்டி 2012 மாடல். அப்பா வாங்கியது. மூட்டுவலி வந்து அவர் ஸ்டியரிங்கை விட்ட பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். திருப்பூர் காங்கயம் ரோட்டில், நல்லூர் சுற்றுவட்டாரச் சந்துகளுக்குள்தான் அதன் முக்கால்வாசி வாழ்க்கை. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது அபூர்வம். நூல் ஓரிடத்தில் நிட்டிங் ஆகும். கிரே துணி டையிங்குக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங், அப்புறம் கட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தெருவில், ஒவ்வொருவருடைய ஜாப் ஒர்க். இந்தத் தெருக்களை ஒன்றோடொன்று தைத்து வைத்திருப்பவை எங்களுடையது போன்ற பிக்கப்புகளும் குட்டி யானைகளும்தான். கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு டி-ஷர்ட் ஊருக்குள்ளேயே பல முறை வண்டி ஏறி இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர்.

அந்தச் சந்துகளில் ஒரு பக்கம் கம்பெனி, எதிர்ப்பக்கம் லைன் வீடு. தேனி, மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். துணி ரோல் ஏற்றுவதற்காக வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினால், சைலன்சருக்கும் ஒரு வீட்டு வாசல்படிக்கும் நடுவே பத்தடி இருந்தால் அதிகம். வாசலில் பாத்திரம் தேய்ப்பார்கள், குழந்தைக்குச் சோறு ஊட்டுவார்கள். நான் மேலே சொன்ன ‘யாரோ ஒருவர்’ அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

*

வால்வை அடைத்துவிடச் சொல்லி முதலில் யோசனை சொன்னது எங்கள் மெக்கானிக். நல்ல மனுஷன், கைசுத்தம். காசு பிடுங்குவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்றுதான் சொன்னார்.

“இத வெச்சுகிட்டு எதுக்குங்ணா மாரடிக்கறீங்க? ஒரு தகடு வெட்டிப் போட்டு அடைச்சு உட்டர்லாமுங்க. வண்டி சும்மா பிச்சுகிட்டுப் போகும். கரியும் புடிக்காது.”

“புகை டெஸ்ட்ல மாட்டிக்காதுங்ளா?”

“அங்கதானுங்க விசயமே இருக்குது. அடைச்சா புகை கம்மியாத்தான் வரும். டெஸ்ட்டு இன்னும் சுளுவாப் பாசாயிரும்.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். நாம் இழுக்கிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது சாதுவான வாயு, யாரோடும் சேராது. டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிகிற உச்ச வெப்பத்தில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிவிடுகிறது. இதைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெளியே போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விடுவது. ஏற்கெனவே எரிந்து முடிந்த வாயு உள்ளே இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆக்சிஜன் குறையும், உச்ச வெப்பம் தணியும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும். அந்தத் திருப்பிவிடும் கதவுதான் ஈ.ஜி.ஆர். வால்வு. இதற்கு ஒரு விலை உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் டீசல் முழுதாக எரியாது. கரி கொஞ்சம் கூடும். அந்தக் கரி வால்விலும் மேனிபோல்டிலும் தார் மாதிரி படியும்.

அடைத்துவிட்டால் எல்லாம் தலைகீழ். கரி குறையும், இழுவை கூடும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். கரி கறுப்பாகத் தெரியும். நைட்ரஜன் ஆக்சைடு, சைலன்சரை விட்டு வரும்போது, கண்ணுக்குத் தெரியாது.

இப்போது டீசல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதிக்கச் சொல்வார்கள். சைலன்சருக்குள் ஒரு குழாய். வெளிவருகிற புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று கருவி அளக்கும். பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு உச்ச வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, அதற்குப் பின் வந்தவற்றுக்கு 50. என்னுடையது போன்ற பி.எஸ்.3 வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் இதைச் செய்துகொள்ள வேண்டும். அளப்பது புகையின் கறுப்பை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடு அந்தக் கருவியின் பார்வையிலேயே இல்லை. ஆக, வால்வை அடைத்த வண்டி கண்ணுக்குச் சுத்தமாகவும் மூச்சுக்கு அழுக்காகவும் ஓடும், கையில் அரசாங்கச் சான்றிதழோடு.

மூச்சுக்கு என்ன ஆகும்? நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை அழற்சியாக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அதிகம். வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாகவும், நுண்துகளாகவும் மாறும். கரியும் ஒன்றும் அப்பாவி கிடையாது. டீசல் புகை மொத்தத்தையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் முதல் பிரிவில் சேர்த்தது. எங்கள் வண்டி பிறந்த அதே வருஷம்.

*

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் ஒரு மோதிரக் கதை வரும். கைஜீஸ் என்ற ஆட்டிடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அப்படி ஒன்று கிடைத்த பிறகும் யாராவது நேர்மையாக இருப்பார்களா என்பது அங்கே கேட்கப்படும் கேள்வி. எனக்கு வாய்த்திருப்பது அதைவிட நுட்பமான மோதிரம். என்னை எல்லோருக்கும் தெரியும், வண்டி நம்பர் பின்னால் எழுதியிருக்கிறது. மறைந்துபோவது நான் செய்யும் காரியம் மட்டும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகடு ஒன்று அந்த வேலையைச் செய்துவிடும்.

இது ஏதோ ஏழை வண்டிக்காரனின் குறுக்குப் புத்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியது. டீசல் கார்களின் மென்பொருளே தான் சோதனையில் இருக்கிறோமா, ரோட்டில் இருக்கிறோமா என்று கண்டுபிடித்து, சோதனையில் மட்டும் யோக்கியமாக ஓடியது. ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை. உலகம் முழுக்க அப்படிப்பட்ட சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் விற்றிருந்தன. அவர்களும் கறுப்புப் புகையில் கை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத வாயுவில்தான் ஏமாற்றினார்கள். ஜெர்மனியின் மென்பொருளும் நல்லூர்ப் பட்டறையின் தகடும் ஒரே யோசனையிலிருந்து பிறந்தவை: அளக்கப்படாதது இல்லாததுக்குச் சமம்.

நான் அந்தத் தகட்டைப் போடவில்லை. அதற்காக என்னை நல்லவன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. போடக் கூடாது என்று மனசு சொல்லிவிட்டது. ஏன் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. மெக்கானிக்குக்கு ஒரு பதில் வேண்டும். எனக்கே ஒரு பதில் வேண்டும். எதிர்த்தரப்பின் வாதங்கள் லேசுப்பட்டவையும் அல்ல.

முதல் வாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ‘என் ஒரு வண்டியால என்ன ஆயிரப் போவுது?’ இதைச் சோம்பேறியின் சமாதானம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க மெய்யியலாளர் வால்டர் சின்னட்-ஆம்ஸ்ட்ராங் 2005-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை சும்மா ஜாலிக்காக, நிறைய எண்ணெய் குடிக்கிற பெரிய வண்டியை ஓட்டுவது தவறா? ஒவ்வொரு அறக்கொள்கையாக எடுத்துச் சோதித்துப் பார்த்து, அதைத் தவறு என்று நிறுவ எதுவும் போதவில்லை என்று முடிக்கிறார். புவி வெப்பமாவதற்கு அந்த ஒரு சவாரி தேவையும் இல்லை, போதுமானதும் இல்லை. தனிமனிதனின் உண்மையான கடமை, அரசுகளை அவற்றின் வேலையைச் செய்ய வைப்பது என்கிறார்.

இதற்கு நேர் எதிரே டெரெக் பார்ஃபிட் நிற்கிறார். 1984-ல் வந்த ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில் அவர் ஒரு கற்பனை சொல்கிறார். ஆயிரம் சித்திரவதைக்காரர்கள், ஆயிரம் கைதிகள். ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் ஒரு கைதியின் கருவியை ஆயிரம் முறை திருகி வதைக்கிறார்கள். பிறகு ஏற்பாடு மாறுகிறது. இப்போது ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். அது ஆயிரம் கருவிகளையும் ஒவ்வொரு திருகு மட்டும் திருகும். கைதிகளுக்கு வலி முன்பு போலவே. ஆனால் எந்த ஒருவனும், ‘என்னால் எந்தக் கைதிக்கும் தெரிகிற அளவுக்கு வலி கூடவில்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டால் அவன் நிரபராதி ஆகிவிடுவானா? ஆகமாட்டான் என்கிறார் பார்ஃபிட். தனியாக எடுத்தால் ஒன்றுமில்லாத செயல், சேர்ந்து வதைக்கிற ஒரு தொகுப்பின் பகுதி என்பதாலேயே தவறாக முடியும்.

இரண்டையும் படித்துவிட்டு எங்கள் சந்தில் போய் நின்றால், இருவருமே கொஞ்சம் தூரத்திலிருந்து பேசுவது போலத் தோன்றுகிறது. சின்னட்-ஆம்ஸ்ட்ராங் பேசுவது கார்பன் டை ஆக்சைடு பற்றி. அது நல்லூரில் கிளம்பினாலும் நார்வேயில் கிளம்பினாலும் ஒன்றுதான். உலகக் காற்று முழுக்கக் கலந்துவிடும், என் பங்கு எங்கே போனது என்று கேட்பதற்கே அர்த்தமில்லை. நைட்ரஜன் டை ஆக்சைடும் கரியும் அப்படியல்ல. அவை தெருவைச் சேர்ந்தவை. புகைக்குழாயின் பக்கத்தில் அடர்த்தியாக இருந்து, தள்ளிப் போகப் போகக் குறைபவை. அந்த வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்மணிக்கு என் வண்டி கோடியில் ஒரு பங்கு கிடையாது. காலை எட்டு மணிக்கு நான் வண்டியை ஸ்டார்ட் செய்து உறுமவிடும் அந்த ரெண்டு நிமிஷம், அவர் இழுக்கும் மூச்சில் பெரிய பங்கு என்னுடையதுதான். ஆயிரம் பேர் சேர்ந்து திருகும் கருவியும் இல்லை இது. நேருக்கு நேர் நான் திருகுவது.

நம்முடைய கழிவுகள் எல்லாவற்றையும் ‘மாசு’ என்ற ஒரே சொல்லில் போட்டு வைத்திருப்பதால் இந்த வித்தியாசம் தெரியாமல் போகிறது. உலகத்துக்குப் போகிற கழிவு வேறு, பக்கத்து வீட்டுக்குப் போகிற கழிவு வேறு. முதலாவதைப் பற்றிக் கேட்டால் ‘நான் ஒருத்தன் என்ன செய்ய’ என்று சொல்ல இடமுண்டு. இரண்டாவதுக்கு அந்த இடமில்லை. நம் ஊரில் யாரும் சாக்கடையை அடுத்தவர் வாசலுக்குத் திருப்பிவிட்டு, ‘ஊர்ல எத்தன சாக்கடை ஓடுது, என்னுது ஒன்னுதானா’ என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் அடி விழும்.

*

இரண்டாவது வாதம் எனக்கு இன்னும் கனமானது. அது நீதி சம்பந்தப்பட்டது.

2010-ல் சென்னை உட்பட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 வந்தது. நாட்டின் மற்ற பகுதிகளுக்கு ஸ்டேஜ் 3. திருப்பூர் ‘மற்ற பகுதி’. எங்களுக்கு ஸ்டேஜ் 4 வந்தது 2017 ஏப்ரல் 1-ல். அதாவது ஒரே மாநிலத்தில், ஏழு வருஷம், சென்னைக்காரரின் நுரையீரலுக்கு ஓர் அளவும் திருப்பூர்க்காரரின் நுரையீரலுக்கு ஓர் அளவும் சட்டப்படி இருந்தன. டீசலும் அப்படியே. ஸ்டேஜ் 3 டீசலில் கந்தகம் 350 பிபிஎம் வரை இருக்கலாம், ஸ்டேஜ் 4-ல் 50. சுத்திகரிப்பு ஆலைகளை மாற்ற அவகாசம் வேண்டும், காசு வேண்டும் என்று காரணம் இருந்தது. 2017-ல் கடைசி நேரத்தில் உச்ச நீதிமன்றம் விற்காமல் கிடந்த ஸ்டேஜ் 3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கவும் பதியவும் தடை போட்டபோது, நாடு முழுக்க 8 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் கையிருப்பில் இருந்தன. கடைசி இரண்டு மூன்று நாள் தள்ளுபடியில் ஷோரூம்களில் கூட்டம் அலைமோதியது நினைவிருக்கும்.

அந்த ஏழு வருஷ இடைவெளியில் அப்பா வாங்கியது எங்கள் வண்டி. அன்றைக்கு எங்கள் ஊரில் சட்டம் அனுமதித்த நல்ல வண்டி அதுதான். அரசாங்கமே எங்கள் ஊர்க் காற்று காத்திருக்கலாம் என்று சொன்ன பிறகு, ஒற்றை வண்டி வைத்துப் பிழைக்கிற நான் மட்டும் எதற்கு அரை நாள் கூலியை விட்டுக்கொடுத்து உத்தமனாக வேண்டும்?

இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது யார் மீதான கோபம், யார் தலையில் இறங்குகிறது என்று பார்த்தால் கணக்கு உதைக்கிறது. எங்கள் தெருவைக் காத்திருக்கச் சொன்னவர்கள் எங்கோ இருக்கிறார்கள். நான் வால்வை அடைத்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. காத்திருக்க வைக்கப்பட்ட அதே தெருவுக்குத்தான் இன்னொரு தடவை அடி விழும். மேலே இருப்பவன் செய்த அநியாயத்துக்குக் கீழே இருப்பவரிடம் வட்டி வசூலிக்கிற மாதிரி. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிய டைலர், ஹெல்பர் மேல் எரிந்து விழுவதைப் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த எல்லோரும் பார்த்திருப்போம். அதே ருசிதான் இதிலும்.

நொய்யலை நினைத்துக்கொள்கிறேன். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்ட கதை இந்த ஊரில் யாருக்கும் புதிதில்லை. சாயப்பட்டறைகள் ஒவ்வொன்றுக்கும் தன் கழிவு சிறிதாகத்தான் தெரிந்திருக்கும். கூட்டுத்தொகை ஆற்றில் ஓடியது. யாருடையது எவ்வளவு என்று பிரிக்க முடியாத கட்டத்தில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும், கழிவே வெளியேறாத நிலையை எட்டும்வரை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள். ஊரே ஸ்தம்பித்தது.

டெல்லியில் பழைய வண்டிகளுக்கு நடந்ததும் இதே வடிவம்தான். பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வயதை வைத்து வண்டியை எடை போடுவது சோம்பேறித்தனமான அளவுகோல்தான். ஒழுங்காகப் பராமரித்த 12 வயது எஞ்சினும், நாசில் தேய்ந்து கரி கக்குகிற 12 வயது எஞ்சினும் ஒன்றாகுமா? ஆகாது. ஆனால் அளக்கிற கருவி பாதியைத்தான் பார்க்கிறது என்று தெரிந்த பிறகு, அதிகாரத்தின் கையில் மிஞ்சுவது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் தேதி மட்டும்தான். அடைத்த வால்வு ஒவ்வொன்றும் ‘என் பழைய வண்டி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நேர்மையாகச் சொல்கிறவரின் வார்த்தையை மதிப்பிழக்கச் செய்கிறது. நான் வால்வைக் கழுவி மாட்டுவதில் தெருவுக்குச் செய்யும் கடமையோடு, சக வண்டிக்காரர்களுக்குச் செய்யும் கடமையும் கொஞ்சம் இருக்கிறது.

*

‘அவ்வளவு அக்கறை இருந்தா வண்டிய வித்துட்டுப் புதுசு வாங்கறது?’

இது மூன்றாவது வாதம். நண்பர்கள் கேலியாகக் கேட்பது. பதில் சொல்லக் கடினமானதும் இதுதான்.

எண்களை மறைக்காமல் வைத்துவிடலாம். டீசல் கார்களுக்கான வரம்பை ஒப்புக்கு எடுத்துக்கொண்டால், பி.எஸ்.3-ல் கிலோமீட்டருக்கு 50 மில்லிகிராம் வரை துகள் போகலாம். பி.எஸ்.6-ல் அது 4.5. நைட்ரஜன் ஆக்சைடு 500-லிருந்து 80-க்கு இறங்கியிருக்கிறது. நான் எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கழுவினாலும் என் வால்வு இந்த இடைவெளியைத் தாண்டாது. பராமரிப்பு என்னைக் குற்றமற்றவனாக்கவில்லை. பழைய எஞ்சின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. மெக்கானிக்கல் பம்ப், சென்சார் தொல்லை இல்லை, பாதி ரிப்பேரை ரோட்டோரத்தில் நாமே பார்த்துவிடலாம். சத்தத்தை வைத்தே டாப்பெட் லூஸா என்று அப்பா சொல்லிவிடுவார். இந்தப் பிரியத்தை ஒரு வாதமாக முன்வைக்க எனக்கு உரிமையில்லை. வாசல்படியில் இருப்பவருக்கு என் நினைவுகளால் என்ன பயன்?

ஆனால் விற்பது என்றால் என்ன? வண்டி மறைந்துபோகாது. வேறொரு ஊரில், வேறொரு வாசல்படி முன்னால் நிற்கும். அங்கே வாங்குகிறவர் முதல் வேலையாகத் தகடு போடலாம். பெரிய அளவில் உலகமே இதைச் செய்கிறது. 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவும் ஜப்பானும் அமெரிக்காவும் 1 கோடியே 40 லட்சம் பழைய கார்களையும் வேன்களையும் ஏற்றுமதி செய்தன என்றும், அதில் 80 சதவீதம் போல ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்குப் போனது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020-ல் அறிக்கை வெளியிட்டது. விற்ற நாட்டின் காற்றுக் கணக்கு சுத்தமாகிவிடும். காற்று இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். வண்டியை உண்மையிலேயே முடித்துவைக்க ஒரே வழி, உடைக்கக் கொடுப்பது. 2021-ல் அறிவிக்கப்பட்ட பழைய வாகன அழிப்புக் கொள்கை அதைத்தான் சொல்கிறது.

புதுசும் தானாக எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. பி.எஸ்.6 டீசலில் கரியைப் பிடிக்க வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரி எரிந்து சுத்தமாக வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் சூடாக ஓட வேண்டும். நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கு மூணு கிலோமீட்டர் ஓடி, இறக்கி, அரை மணி நேரம் நின்று, திரும்ப ரெண்டு கிலோமீட்டர் ஓடுகிற எங்கள் பிழைப்பில் அது அடைத்துக்கொள்ளும். அன்றைக்கும் பட்டறையில் ஒருவர், ‘இத எதுக்குங்ணா வெச்சுகிட்டு?’ என்பார். கேள்வி புது வண்டியிலும் அதே கேள்விதான். தொழில்நுட்பம் வாசல்படியில் இருப்பவருக்குச் செய்யக்கூடிய உதவி பெருகியிருக்கும். அந்த உதவியை உயிரோடு வைத்திருப்பதா என்ற முடிவு மறுபடி வண்டிக்காரன் கைக்கே வரும்.

இதனால்தான் பராமரிப்பு என்பதை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். ஏர் ஃபில்டர் மாற்றுவது, நாசில் காலிபிரேஷன், பம்ப் டைமிங், அளவுக்கு மேல் லோடு ஏற்றாமல் இருப்பது, நிற்கும்போது எஞ்சினை அணைப்பது எல்லாம் புகையைக் குறைக்கும். கூடவே எனக்கு டீசலையும் மிச்சமாக்கும். இங்கே என் நலனும் தெருவின் நலனும் ஒரே திசையில் போகின்றன. இதைச் செய்வதற்கு அறம் எதுவும் வேண்டாம், கணக்குத் தெரிந்தால் போதும். ஈ.ஜி.ஆர். வால்வில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. அந்தப் பிரிவில் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதைத்தான் நாம் ஒழுக்கம் என்று சொல்ல முடியும். மற்றதெல்லாம் புத்திசாலித்தனம்.

மெக்கானிக்கிடம் இத்தனையும் சொல்லவில்லை. “அது எனக்கில்லீங்ணா, பின்னாடி நிக்கறவிகளுக்கு. அவுங்க ஜாமான நாம எப்படிங் அடைக்கறது?” என்று மட்டும் கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அப்புடிச் சொன்னா செரிதானுங்க,” என்று கழற்ற ஆரம்பித்தார். இப்போது கேஸ்கெட்டை அவரே மறக்காமல் வாங்கி வைக்கிறார்.

இதற்கு எனக்கு என்ன செலவாகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு இரண்டு முறை கழுவுகிறேன். இரண்டு அரை நாள் என்றால் நாலு லோடு, லோடுக்கு 600 ரூபாய் வைத்தால் 2400. கிளீனர், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 600. மொத்தம் 3000. வருஷத்துக்குச் சுமார் 1200 லோடு ஓட்டுகிறோம். ஆக, ஒரு லோடுக்கு இரண்டரை ரூபாய். ஒரு டீயின் விலையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. தத்துவ நூல்களில் இவ்வளவு பெரிதாகப் பேசப்படும் கேள்வியின் விலை, என் விஷயத்தில், இவ்வளவுதான் என்று தெரிந்தபோது சிரிப்பாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அடுத்த கணக்கு வந்தது. 2027-ல் வண்டிக்கு 15 வயது முடிகிறது. அதற்குப் பிறகு எஃப்.சி. எடுப்பதற்கான கட்டணம் பல மடங்கு ஏறிவிடும். புது பிக்கப் பத்து லட்சத்தைத் தொடுகிறது. இரண்டரை ரூபாயை நான் யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சுமந்துவிடுவேன். பத்து லட்சத்தை அப்படிச் சுமக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஓரிடத்தில் என் கடமை முடிந்து எல்லோருடைய கடமை ஆரம்பிக்கிறது. சின்னட்-ஆம்ஸ்ட்ராங் சொன்னது அந்த இடத்துக்குப் பொருந்தும். 350 பிபிஎம் கந்தகம் இருந்த டீசல் இன்று 10 பிபிஎம் ஆகியிருக்கிறது. என் பழைய எஞ்சின் குடிப்பதும் அதைத்தான். எந்த வண்டிக்காரனின் நல்ல மனசாலும் நடந்திருக்க முடியாத காரியம் அது, சட்டத்தால் நடந்தது. புகைச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடையும் அளக்க வைப்பதும், ஒற்றை வண்டிக்காரர்களுக்கு உடைக்கக் கொடுக்கும்போது கட்டுப்படியாகிற விலை கிடைக்க வைப்பதும் அதே மாதிரி வேலைகள்.

லோடு வாடகையும் அதில் சேர்த்திதான். துணியில் போட்ட சாயம் தோலுக்கு ஆகுமா என்று வெளிநாட்டு பையர்கள் சான்றிதழ் கேட்கிறார்கள். நல்லது. அந்தத் துணி எந்த வண்டியில் வந்தது என்று இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அடுத்த தடவை வாடகை பேசும்போது, நான் ஒப்படைக்கும் டெலிவரி சலானோடு இந்தக் கணக்கையும் எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். லோடுக்கு இரண்டரை ரூபாய் கேட்பதற்காக இல்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். 2027-க்குப் பிறகு லோடுக்கு எவ்வளவு ஆகும், அதில் யார் யார் எவ்வளவு போடுவது என்று பேச்சை ஆரம்பிக்க.